வந்து போன பிறகும் ஊசியா?

2021-ஆம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும். "எனக்குத்தான் வந்து போய்விட்டதே, இனிமேல் ஊசி எதற்கு?" கேட்பவர்கள் எல்லோரும் கொரோனாவில் படுத்து எழுந்தவர்கள். அவர்கள் குரலில் ஒரு தனிக் கம்பீரம் இருக்கும். பரீட்சை எழுதித் தேறிய பையனை மறுபடியும் போய் உட்காரச் சொன்னால் அவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்ப்பார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அது அசட்டுக் கேள்வி என்று ஒதுக்கிய படித்த மனிதர்கள் சிலரை எனக்குத் தெரியும். "சரி ஸார், நீங்கள்தான் சொல்லுங்களேன், எதற்கு?" என்று திருப்பிக் கேட்டால், "சர்க்கார் சொல்கிறது" என்பதற்கு மேல் அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வராது. என் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் அந்தப் பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய கேள்விக்குப் பின்னால் ஒரு மரணம் நின்றுகொண்டிருந்தது.

அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அந்த வருஷம் அவளுக்கு 62. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உண்டு. அத்தானுக்கு 66. ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர். பால் கணக்கானாலும் பஞ்சாங்கமானாலும் தாமே ஒரு முறை கூட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். சமையலறை வாசலில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், மோட்டார் ரிப்பேரான நாள், அக்காவின் இரத்தப் பரிசோதனை நாள் என்று அவருடைய சிவப்பு மை படாத வாரம் அதில் கிடையாது.

இந்தியாவில் கொரோனா ஊசி போட ஆரம்பித்தது 2021 ஜனவரி 16-ஆம் தேதி. முதலில் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும். மார்ச் முதல் தேதியிலிருந்து 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. அத்தான் மார்ச்சிலேயே கையை நீட்டத் தயாராக இருந்தார். அக்காதான், "நாலு பேர் போட்டுக்கிட்டு நல்லா இருக்காங்களான்னு பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நாலு பேர் போட்டுக்கொண்டார்கள், நன்றாகவும் இருந்தார்கள். அப்புறம் ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தது. நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார். 16-ஆம் தேதி மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமானார். அந்த மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயல் என்று தேசியக் குழு ஒன்று ஆராய்ந்து சொன்னது. ஆனால் அந்த முடிவு வெளிவர அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் வீட்டுக்கு வீடு பேச்சு மாறிப் போயிருந்தது. அக்கா, "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

அத்தான் வாக்குவாதம் செய்யவில்லை. ஏப்ரல் 26-ஆம் தேதி காலையில், "காய்கறி வாங்கி வருகிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனவர், பையில் கத்தரிக்காயும் கையில் ஊசியுமாகத் திரும்பி வந்தார். வந்ததும் முதல் காரியமாகக் காலண்டரில் ஆறு வாரம் எண்ணி, ஜூன் 7-ஆம் தேதியில் 'இரண்டாவது' என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி அவருக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கழித்து அக்காவுக்கும். பரிசோதனையில் இருவருக்கும் கொரோனா என்று வந்தது. மே 9-ஆம் தேதி அத்தானுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஊரடங்கு. 15-ஆம் தேதி அவர் போய்விட்டார். அக்கா அப்போது வீட்டுப் பின்கட்டில் தனியாகப் படுத்திருந்தாள். வேளா வேளைக்கு எதிர்வீட்டு அம்மாள் வாசற்படியில் கஞ்சி வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டுப் போவாள். பெங்களூரில் மகளுக்கும் அதே காய்ச்சல். சென்னையிலிருந்து நான் கிளம்ப வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானம். எதிர்வீட்டுப் பையன் தூர நின்று போனில் காட்டினான். அக்கா இரண்டு நிமிஷம் பார்த்தாளாம். பிறகு போனைக் குப்புற வைத்துவிட்டாளாம்.

ஜூலை 5-ஆம் தேதியிலிருந்து ஜில்லா விட்டு ஜில்லா போக அநுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்று ஆயிற்று. முதல் பஸ்ஸில் நான் கும்பகோணம் போனேன். அக்கா மெலிந்திருந்தாள். ஆனாலும் பேச்சில் தெளிவு குறையவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஊசிப் பேச்சு வந்தது.

"நீ போட்டுக்கிட்டியா?"

"ரெண்டும் போட்டாச்சு அக்கா."

"நான் போட்டுக்கப் போறதில்லே. என் கணக்கைச் சொல்றேன். தப்பு இருந்தா சொல்லு."

முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாரோடு குடித்தனம் செய்தவள் அல்லவா? விரலை மடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நாற்பது நாளாக வீட்டில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஊசி போட்ட ஒன்பதாம் நாள் காய்ச்சல். அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? ஊசி போட்டுக்கொண்டவர் போய்விட்டார். போட்டுக்கொள்ளாத அவள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். இதற்கு என்ன சொல்கிறாய்? தவிர, அவளுக்கு நோய் வந்தே போய்விட்டது. ஊசியில் தருவது அந்த நோயின் நிழல்தானே? நிஜத்தையே பார்த்தவளுக்கு நிழல் எதற்கு?

"அப்புறம் இன்னொண்ணு. முதல்லே ரெண்டு ஊசிக்கும் நடுவிலே 28 நாள்னாங்க. மார்ச்சிலே ஆறு வாரம், எட்டு வாரம்னாங்க. அவர் ஆஸ்பத்திரியிலே கிடக்கறப்போ பன்னிரண்டு வாரம், பதினாறு வாரம்னு மாத்தினாங்க. நோய் வந்து போனவங்க நாலு வாரம் பொறுத்தாப் போதும்னாங்க. இப்போ மூணு மாசங்கறாங்க. தெரிஞ்சு சொல்றவன் இப்படி நாளுக்கொரு பேச்சுப் பேசுவானா?"

இதில் ஒரு தேதிகூடப் பிசகில்லை என்பதுதான் வேடிக்கை. கோவிஷீல்டுக்கு 12 முதல் 16 வாரம் என்று அறிவித்தது மே 13-ஆம் தேதி. நோயிலிருந்து தேறியவர்கள் 3 மாதம் கழித்துப் போட்டுக்கொண்டால் போதும் என்று மத்திய சுகாதார மந்திரிசபை அறிவித்தது மே 19-ஆம் தேதி. அத்தான் போய் நாலாம் நாள். அதற்கு முன் 4 முதல் 8 வாரம் என்றுதான் இருந்தது. மற்ற தேசங்களிலும் ஒரே பேச்சு இல்லை. தனிமை முடிந்ததுமே போட்டுக்கொள்ளலாம் என்றது அமெரிக்கா. ஒரு முறை நோய் வந்தவர்களுக்கு ஒரே ஊசி போதும் என்றது பிரான்ஸ்.

நோய்க்கே அப்போது வயது ஒன்றரை. தேறியவர்கள் உடம்பில் பாதுகாப்பு எத்தனை மாதம் நிற்கிறது என்று கண்டுபிடிக்க, அத்தனை மாதம் கடந்துதானே ஆக வேண்டும்? அதனால் வந்த மாறுதல்கள் சில. கையில் மருந்து போதாதபோது, ஏற்கெனவே ஓரளவு பாதுகாப்பு உள்ளவர்களைச் சற்றுப் பின்னால் நிற்க வைத்து, ஒன்றும் இல்லாதவர்களுக்கு முதலில் கொடுப்பதும் நியாயமே. அந்த இரண்டாவது காரணத்தைச் சர்க்கார் கூச்சப்படாமல் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய ஜனங்கள் நம் ஜனங்கள். 'சரக்குக் குறைவு, முதலில் அவர்களுக்கு' என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது ஒப்புக்கொள்வார்கள்.

அக்காவின் மூன்றாவது வாதத்துக்கு, அதாவது வந்து போனவளுக்கு எதற்கு என்பதற்கு, நம் ஊர் அநுபவத்திலேயே ஆதாரம் உண்டு. அவளுடைய இடது கையில் பெரியம்மை குத்திய தழும்பு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. எங்கள் பாட்டிக்குத் தழும்பு கையில் இல்லை, முகத்தில் இருந்தது. சின்ன வயதில் அம்மை போட்டு எழுந்தவள். அவளுக்கு அப்புறம் ஆயுள் முழுவதும் அம்மை வரவில்லை. அது மட்டுமல்ல. 1950-களில் க்ஷயத்துக்காக ஊர் ஊராகப் போய் பி.ஸி.ஜி. குத்தினார்களே, அப்போது எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் குத்திவிடவில்லை. முதலில் முன்கையில் ஒரு சோதனை ஊசி. சில நாள் கழித்து வந்து பார்ப்பார்கள். அந்த இடம் நன்றாகத் தடித்திருந்தால், க்ஷயக் கிருமி அந்த உடம்புக்கு ஏற்கெனவே அறிமுகமாகிவிட்டது என்று அர்த்தம். "உனக்கு வேண்டாம், போ" என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே, 'வந்தவனுக்கு ஊசி எதற்கு?' என்பது வைத்தியர்களே கேட்டு, அதன்படி நடந்தும் காட்டிய கேள்விதான்.

இதையெல்லாம் நான் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு காலண்டரையே பார்த்தாள். அதில் மே மாதத் தாள் கிழிக்கப்படாமலே இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி. மின்சாரம் போய்விட்டது. திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அவள் சொன்னாள்: "தம்பி, மார்ச்சிலேயே போட்டிருந்தா அவர் இருந்திருப்பாரா?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. ஊசியால் பிரயோஜனம் இல்லை என்று இருக்கிற வரையில்தான் அவளுக்குத் தூக்கம். ஊசி நல்லது என்று ஆகிவிட்டால், அடுத்த கேள்வி 'அப்படியானால் அதைத் தடுத்தது யார்?' என்பது. விரல் மடக்கி அவள் சொன்ன வாதங்கள் அத்தனையும் அந்த ஒரு கேள்வி உள்ளே வராமல் இருப்பதற்காகப் போட்ட தாழ்ப்பாள்கள். ஊர் முழுவதும் ஊசிக்கு முரண்டு பிடித்தவர்களில் இப்படி எத்தனை பேர் இருந்தார்களோ! அவர்களிடம் போய்ப் புள்ளிவிவரம் வாசித்தால் என்ன ஆகும்?

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

ஜூலை 19-ஆம் தேதி காலையில் அத்தானுடைய போன் 'டிங்' என்றது. அக்காவுக்குத் தனியாகப் போன் கிடையாது, அத்தானுடையதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். அத்தான் பெயரைச் சொல்லி, தங்களுக்கு இரண்டாவது ஊசி போடும் நாள் வந்துவிட்டது என்று செய்தி. சரியாக 84-ஆம் நாள். யந்திரத்துக்கு என்ன தெரியும்? அது தன் கணக்கைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

"வா, போய் அவர் பேரை எடுத்துடச் சொல்லுவோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பேட்டையின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அக்கா மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிற இடந்தான். அங்கே இருந்த லேடி டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். அத்தானை அவருக்குத் தெரியும். பெயரை அங்கிருந்தபடி நீக்க முடியாது, மேலே எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்றார். அக்கா தன் கணக்கை மறுபடி ஆரம்பித்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கையில் ஒரு டாக்டர் அப்படிக் கேட்பது சாமானியமல்ல.

பிறகு அவர் சொன்னார். கோவிஷீல்டில் இருப்பது கொரோனாக் கிருமியே அல்ல. சிம்பன்ஸிக் குரங்குக்குச் சளி உண்டாக்கும் வேறொரு வைரஸை எடுத்து, அது உடம்பில் பெருக முடியாதபடி செய்து, அதன் முதுகில் கொரோனாவின் மேல்முள் எப்படி இருக்கும் என்ற குறிப்பை மட்டும் ஏற்றி அனுப்புகிறார்கள். கோவாக்ஸினில் இருப்பது கொன்றுவிட்ட கொரோனா வைரஸ். இரண்டாலும் கொரோனா வராது. காய்ச்சல், கைவலி வரும். அது ஒன்று இரண்டு நாளோடு சரி. ஒன்பதாம் நாள் வந்தது வெளியிலிருந்து வந்த நோய். கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாகக் கிளம்ப 2 முதல் 14 நாள் ஆகும். பெரும்பாலும் ஐந்தாறு நாள்.

"அப்போ ஊசி என்ன செஞ்சுக்கிட்டிருந்தது?" என்றாள் அக்கா.

"உங்க ஊரிலே நாத்து விடறாங்களே, எத்தனை நாள்லே பறிச்சு நடுவாங்க?"

"இருபத்தஞ்சு, முப்பது நாள் ஆகும்."

"ஒன்பதாம் நாள் வெள்ளம் வந்தா நாத்து என்னம்மா செய்யும்? முதல் ஊசி உடம்பிலே வேலை செய்யத் தொடங்கவே ரெண்டு மூணு வாரம் வேணும். ரெண்டாவதும் போட்டாத்தான் முழுசாப் பிடிக்கும்."

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, திண்ணையில் என்னிடம் கேட்டதை அவரிடமும் கேட்டாள். மார்ச்சிலேயே போட்டிருந்தால்?

அந்த டாக்டர் சொன்ன பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. "போட்டிருந்தா பிழைக்க வழி அதிகம் இருந்திருக்கும்; அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். பிழைச்சிருப்பாருன்னு சொல்லவும் என்னாலே முடியாது. ரெண்டும் போட்டுக்கிட்டுப் போனவங்களையும் நான் பார்த்திருக்கேன். மார்ச் மாசம் இந்த வராந்தா காலியாக் கிடந்ததும்மா. ஊரே 'பார்ப்போம்'னுதான் சொல்லிச்சு. நீங்க மட்டும் சொல்லலே."

பொய்யாக ஆறுதல் சொல்லாமல், குற்றமும் சாட்டாமல், உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். அதற்குப் பிறகு அக்கா கேட்ட கேள்விகளின் தொனியே வேறாக இருந்தது. 'ஏன் போட வேண்டும்?' என்பது போய், 'எப்போது, எப்படி?' என்று ஆகிவிட்டது.

வந்து போனவளுக்கு எதற்கு என்ற கேள்வியையும் டாக்டர் தட்டிவிடவில்லை. "உங்களுக்கு இப்போ பாதுகாப்பு இருக்கு. அது நெசம். அதனாலேதான் மூணு மாசம் பொறுக்கச் சொல்றோம்" என்றார். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சுபாவம். பெரியம்மை ஒரு முறை வந்தால் போதும். ரண ஜன்னி இருக்கிறதே, அது வந்து பிழைத்தவனுக்குக்கூட அந்த நோயால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவனுக்கும் டி.டி. ஊசி போட்டே ஆக வேண்டும். கொரோனா இந்த இரண்டுக்கும் நடுவில். ஒருவருக்கு வந்து போனால் நல்ல பாதுகாப்பு. இலேசாக வந்து போன இன்னொருவருக்குச் சொற்பப் பாதுகாப்பு. யாருக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாளாக ஆகக் குறையவும் செய்யும். கிருமியும் சட்டையை மாற்றிக்கொண்டே வருகிறது. வந்து போனவர் ஊசியும் போட்டுக்கொண்டால், உடம்பு ஏற்கெனவே படித்த பாடத்தை இன்னொரு முறை அழுத்தமாகப் படிக்கிறது. இருவகைப் பாதுகாப்பும் சேர்ந்தது தனித்தனியானதைவிடப் பலமாக இருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு அடுத்த மாதமே வந்தது. அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்தில், 2020-இல் நோய் வந்து தேறியவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் 2021 மே, ஜூன் மாதங்களில் மறுபடியும் நோய் வந்தவர் யார், வராதவர் யார் என்று ஒப்பிட்டார்கள். தேறிய பின் ஊசியை முழுதாகப் போட்டுக்கொண்டவர்களைவிட, போட்டுக்கொள்ளாதவர்களுக்கு மறுபடி நோய் வரும் வாய்ப்பு 2.34 மடங்காக இருந்தது. சின்ன ஆராய்ச்சிதான்; ஒரு மாகாணத்து விஷயந்தான். ஆனால் என் அக்காவின் கேள்வியையே எடுத்து வைத்துக்கொண்டு போட்ட கணக்காயிற்றே! போனில் படித்துக் காட்டினேன். "ரெண்டே கால் மடங்குக்கு மேலேன்னு சொல்லு" என்று திருத்தினாள். அத்தான் வாசனை விடுமா?

நாங்கள் வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு சிறு சபையே கூடியிருந்தது. எல்லோரும் படுத்து எழுந்தவர்கள், எல்லோருக்கும் சந்தேகம். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்றார் ஒருவர். வேண்டியதில்லை, அந்த எண்ணை வைத்து ஊசி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாது, பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்றார் நர்ஸ். ஊசிக்கு முன்னால் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். பிளாஸ்மா ஏற்றிக்கொண்டவருக்கு? ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து அதே 3 மாதம். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நோய் வந்துவிட்டால்? தேறிய நாளிலிருந்து 3 மாதம் கழித்து இரண்டாவது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். வேறு பெரிய நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு 4 முதல் 8 வாரம். பால் கொடுக்கும் தாய் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் அந்த ஜூலையில்தான் அநுமதி வந்திருந்தது. இரத்ததானம் செய்கிறவர் ஊசி போட்டு 14 நாள் பொறுக்க வேண்டும். ஒரு சின்னப் பெண் தயங்கித் தயங்கி, மாதவிலக்குக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் போடக் கூடாதாமே என்று கேட்டாள். கைப்பேசியில் உலாவிய வதந்தி அது. "நாங்களும் பொம்பளைங்கதானே, எந்த நாள் வேணாலும் வா" என்றார் நர்ஸ்.

ஒரே ஒரு விஷயத்தை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கோவிஷீல்டு போட்ட 20 நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத தலைவலி என்று வந்தால், 'ஊசிக் காய்ச்சல்தான்' என்று இருந்துவிடாமல் ஓடி வர வேண்டும். இரத்தம் உறைகிற ஒரு கோளாறு, மிக மிக அபூர்வமாக, சிலருக்கு ஏற்பட்டிருந்தது. இந்தியாவில் அதுவரை கணக்கிட்டது பத்து லட்சம் ஊசிக்கு 0.61. ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்பதற்காக மறைக்காமல் சொன்னார்களே, அதனால் அந்த வராந்தாவில் நம்பிக்கை கூடியதைத்தான் நான் பார்த்தேன்.

அக்கா தேறியது மே 20 வாக்கில். மூன்று மாதம் எண்ணினால் ஆகஸ்ட் 20. வீட்டுக்கு வந்ததும் மே, ஜூன் தாள்களைக் கிழித்தாள். ஜூன் 7-இல் சிவப்பு மையில் 'இரண்டாவது' என்று இருந்த தாளை மட்டும் மடித்துப் பீரோவில் வைத்தாள். ஆகஸ்ட் 20-ஐப் பென்சிலால் சுற்றினாள்.

ஆனாலும் அந்தத் தேதியில் போகவில்லை. ஏதோ சாக்கு. நானும் வற்புறுத்தவில்லை. செப்டம்பர் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு முழுவதும் 40,000 இடங்களில் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். 20 லட்சம் பேருக்குப் போட உத்தேசம். 28 லட்சத்துக்கு மேல் போனது. அவற்றில் ஒன்று அக்காவினுடையது. (பின்னால் இந்த முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டி வந்தது. ஊசி போட்டால் மாமிசமும் மதுவும் ஆகாது என்று ஒரு கட்டுக்கதை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தியாகம் செய்ய மனமில்லாமல் பலர் வரவே இல்லையாம்! நம் ஜனங்களின் நிஜமான சந்தேகம் எது என்று கண்டுபிடிக்க டாக்டர் படிப்பு மட்டும் போதாது.)

தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் முகாம். மேஜையில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். அக்கா அத்தானுடைய நம்பரைச் சொன்னாள். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இதிலே இன்னொருத்தர் இருக்காரே, அவருக்கு ரெண்டாவது பாக்கி. கூட வரலையா?" என்றாளாம்.

"அவர் வரமாட்டாரும்மா. அவருக்குக் கீழே என் பேரை எழுது."

அன்று ராத்திரி நல்ல காய்ச்சல். நோய் வந்து போனவர்களுக்கு முதல் ஊசியில் இந்தத் தொந்தரவு சற்று ஜாஸ்தியாக இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பாரஸிட்டமால் ஒன்று போட்டுக்கொண்டு படுத்தாள். மூன்றாம் நாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். 84 நாள் எண்ணி, டிசம்பர் 5-ஆம் தேதி இரண்டாவது.

2022 ஜனவரியில் ஓமிக்ரான் வந்தது. அக்காவுக்கும் வந்தது. தொண்டை வலி, உடம்பு வலி, மூன்று நாள் அசதி. பிராண வாயு 97-க்குக் கீழே இறங்கவில்லை. அது ஊசியின் புண்ணியமா, முதல் நோயின் மிச்சமா, ஓமிக்ரானின் சாதுக் குணமா என்று ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அக்காவும் சொல்லவில்லை. போனில் அவள் கேட்டது வேறு.

"டேய், மூணாவது ஊசி போடறாங்களாமே, எனக்கு எப்போ?"

வயதும் சர்க்கரையும் இருந்ததால் அவளுக்கு உண்டு. நோய் தேறி 3 மாதம் ஆக வேண்டும். இரண்டாவது ஊசி போட்டு 9 மாதமும் ஆக வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அது. கூட்டிப் பார்த்து, "செப்டம்பர் 5" என்றேன். புதுக் காலண்டரில் அவளே எழுதிக்கொண்டாள்.

ஜூலையில் அந்த 9 மாதத்தை 6 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். செய்தியைச் சொல்ல நான் போன் செய்வதற்குள் அவளே கூப்பிட்டாள். "பார்த்தியாடா? இவங்க என்னிக்குத்தான் ஒரே பேச்சிலே நிப்பாங்க?" என்று ஐந்து நிமிஷம் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே செப்டம்பர் தாளைப் புரட்டி, 5-ஆம் தேதியை அடித்துவிட்டு, ஜூலையிலேயே ஒரு தேதி எழுதினாளாம்.